நடுத்துண்டு யாருக்கு?

பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு எனக்கு என்று சொல்ல வேண்டுமாம். சிங்கப்பூரில் பாம்பு வேண்டாம், தவளை போதும்.

கேலாங்கில் தவளைக் கஞ்சி சாப்பிட சீன நண்பர்கள் அழைத்தபோது தயங்கித்தான் உட்கார்ந்தேன். காய்ந்த மிளகாயும் கறுப்பு சோயாவும் சேர்ந்து மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்தது. பக்கத்தில் வெள்ளைக் கஞ்சி. கோழியைவிட மிருதுவான கறி, மீன் போல எலும்பை விட்டுக் கழன்றது. இன்னொரு சட்டி கேட்டோம்.

வீட்டில் சொன்னதும் அம்மா முகம் சுளித்தார். பாட்டிதான் நிதானமாகச் சொன்னார்: “ஜொகூர் தோட்டத்துல உங்கப்பா பிடிச்சிட்டு வந்த உடும்பைத் தின்னுதானே நீயும் வளர்ந்தே! மிளகு தூக்கலாப் போட்டு வைப்பேன்.” அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை.

அருவருப்பெல்லாம் பழக்கத்தைப் பொறுத்ததுதான். ஆனால் ஒன்று. கடைச்சட்டிக்கு வருவது பெரும்பாலும் பண்ணைத் தவளை. உடும்போ, மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பிடிக்கக் கூடாத உயிர். பாட்டி காலத்துக் காடும் இன்று இல்லை.

அதனால், ‘என்ன கறி?’ என்று கேட்கும்போதே, ‘எங்கிருந்து வந்தது?’ என்றும் கேட்டுவிட்டுக் கை நனைப்போம்.