மலையேறுபவர்கள் பையில் தீப்பெட்டி எதற்கு? குரங்கணி தீயும் ஆன்லைன் 'உயிர் காக்கும் கிட்'டும்

தேனி:

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் போதும். சென்னை, கோவை, பெங்களூரு என்று பெரிய ஊர்களில் இருந்து இளசுகள் கூட்டம் கூட்டமாக மலையேற கிளம்பி விடுகிறார்கள். முதுகில் பெரிய பை. அந்த பைக்குள் ஆன்லைனில் வாங்கிய 'உயிர் காக்கும் கிட்' ஒன்று இருக்கிறது. இப்போது இதுதான் பேஷன்.

அந்த கிட்டை பிரித்து பார்த்தால் மடக்கு கத்தி, திசைகாட்டி, சின்ன விசில் இருக்கும். மீதி எல்லாம் தீ சமாச்சாரம்தான். உரசினால் பொறி பறக்கும் கம்பி, காற்றடித்தாலும் அணையாத லைட்டர், தண்ணீரில் நனைந்தாலும் எரியும் தீக்குச்சி, மெழுகில் தோய்த்த பஞ்சு. காட்டில் வழி தவறி மாட்டிக்கிட்டா தீ மூட்டி குளிர் காயலாம், புகையை பார்த்து ஆள் வரும் என்பது விற்பவர்கள் சொல்லும் கணக்கு.

பனி கொட்டும் நாடுகளில் இந்த கணக்கு சரியாக இருக்கலாம். அங்கே ஒரு ராத்திரி தீ இல்லாவிட்டால் ஆள் விறைத்து செத்தே போவான். ஆனால் மார்ச் மாதத்து மேற்கு தொடர்ச்சி மலை அப்படியா இருக்கிறது?

23 உயிர்

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி ஞாயிற்றுக்கிழமையை தேனி மாவட்டம் மறக்காது. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளை சேர்ந்த 35-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், முதல் நாள் போடி அருகே குரங்கணியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறினார்கள். இரவு அங்கே தங்கி விட்டு மறுநாள் இறங்கி வரும்போது காட்டுத்தீ சூழ்ந்து கொண்டது.

ஆள் உயர புல், கோடையில் காய்ந்து சருகாகி கிடந்தது. புகையில் திசை தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் குதித்தார்கள். முதலில் ஓடி வந்து கை கொடுத்தவர்கள் மலை கிராம மக்கள்தான். பிறகு சூலூரில் இருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மலையிலேயே 9 பேர் இறந்தனர். மதுரை உள்பட பல ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒருவர் பின் ஒருவராக இறந்ததில் பலி 23 ஆனது. அனுமதி வாங்கிய பாதையில் போகவில்லை என்று வனத்துறை சொன்னது. ரேஞ்சர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். விசாரணைக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார்.

தீ எப்படி பிடித்தது என்ற பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். பிடித்த தீ மலையில் எப்படி ஓடும் என்பதை மலையேறும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சமவெளியை விட சரிவில் தீ மேல் நோக்கி வேகமாக ஏறும். கீழே எரியும் தீயின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்து விடுவதுதான் காரணம். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பு துறையினர் வைத்திருக்கும் கணக்கு. மனுஷன் கதை தலைகீழ். மேலே ஏற ஏற அவனுக்கு மூச்சு வாங்கும். பகலில் காற்றும் மலை மேல் நோக்கித்தான் வீசும்.

இப்படிப்பட்ட சரிவில் நின்று கொண்டு 'ஆபத்துக்கு' என்று ஒருவர் லைட்டரை தட்டினால் என்ன ஆகும்?

உதவிக்கு மூட்டிய தீ

இது வெறும் கற்பனை பயம் இல்லை. அமெரிக்காவில் நடந்தே இருக்கிறது. அரிசோனாவில் 2002 ஜூனில் காட்டில் வழி தவறிய ஒரு பெண், மேலே பறந்த டி.வி. நிறுவன ஹெலிகாப்டரின் பார்வையில் பட வேண்டும் என்று தீ மூட்டினார். அந்த தீ, பக்கத்தில் ஏற்கனவே எரிந்து கொண்டிருந்த இன்னொரு தீயுடன் சேர்ந்து கொண்டது. இரண்டும் சேர்ந்து அழித்தது 4 லட்சத்து 60 ஆயிரம் ஏக்கருக்கும் மேல்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சான்டியாகோ பகுதியில் வழி தவறிய வேட்டைக்காரர் ஒருவர் இதே போல அடையாள தீ மூட்டினார். 15 பேர் பலி. 2 லட்சத்து 73 ஆயிரம் ஏக்கர் நாசம். வீடுகள் உள்பட 2,800-க்கும் அதிகமான கட்டிடங்கள் சாம்பல். இதில் கொடுமை என்னவென்றால், தீ மூட்டிய இருவருமே ஹெலிகாப்டரில் பத்திரமாக மீட்கப்பட்டார்கள்.

நம்ம ஊரில் சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. ஒதுக்கு காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தீ மூட்டுவதும், தீயை கொண்டு போவதும் 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கு 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் தனியாக இருக்கிறது. சதுரகிரிக்கு போகும் பக்தர்களிடம் எளிதில் தீப்பிடிக்கும் பொருட்களை கொண்டு போகக்கூடாது என்று வனத்துறை கறாராக சொல்கிறது. பீடி, தீப்பெட்டியை பிடுங்குகிறார்கள் என்று பக்தர்கள் முணுமுணுப்பது உண்டு. குரங்கணியை நினைத்து பார்த்தால் அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லை. (கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டியை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் பிழைப்பு நன்றாக நடக்கட்டும். தீப்பெட்டி அடுப்படியில் இருக்கட்டும்.)

அப்போ பையில் என்ன வைப்பது?

2022 பிப்ரவரியில் கேரள மாநிலம் பாலக்காடு அருகே மலம்புழா மலையில் ஒரு வாலிபர் தவறி விழுந்து பாறை இடுக்கில் சிக்கினார். சோறு இல்லை, தண்ணீர் இல்லை, 40 மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார். குன்னூர் வெலிங்டனில் இருந்தும் ராணுவ வீரர்கள் போய்த்தான் மீட்டனர். அவர் உயிரை காப்பாற்றியது எது? கையில் இருந்த செல்போன். தான் சிக்கிய இடத்தை போட்டோ எடுத்து அனுப்பியதால்தான் மீட்பு படைக்கு இடம் தெரிந்தது. அவரை வாட்டியது தாகம்.

ஆகவே முதலில் தண்ணீர். ஒரு பகல் நடைக்கு ஆளுக்கு 3 லிட்டராவது வேண்டும். கூடவே நாலு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பவுடர். அடுத்தது போன். மலையில் டவர் தேடித்தேடியே பேட்டரி காலியாகி விடும். தேவைப்படாத நேரத்தில் பிளைட் மோடில் போட்டு வைத்தால் சார்ஜ் நிற்கும். நம்ம கம்பெனி டவர் கிடைக்காத இடத்திலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் 112-க்கு அழைப்பு போகும்.

விசிலை பலர் விளையாட்டு சாமான் என்று நினைக்கிறார்கள். கத்தினால் அரை மணி நேரத்தில் தொண்டை கட்டி விடும், விசில் கட்டாது. ஒரு நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்ப ஊதுவது மலையேறுபவர்கள் மத்தியில் ஆபத்துக்கான அடையாளம். இரவுக்கு டார்ச் லைட், பகலுக்கு ஒரு சின்ன கண்ணாடி. வெயிலை கண்ணாடியில் பிடித்து காட்டினால் எதிர் மலையில் இருப்பவருக்கும் தெரியும். புகைக்கு பதில் இது போதாதா?

குளிருக்கு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானதுதான். கொழுக்குமலை சுமார் 8 ஆயிரம் அடி உயரம், ராத்திரியில் பல் கிட்டும். ஆனால் குளிர் ஆளை அடிப்பது பெரும்பாலும் உடம்பில் இருக்கும் ஈர துணியால்தான். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு செட் உலர்ந்த துணி, குல்லா, மழை கோட்டு, மடித்தால் கைக்குட்டை அளவுக்கு சுருங்கும் வெள்ளித்தாள் போர்வை. இவ்வளவு இருந்தால் தீ இல்லாமலே ஒரு ராத்திரியை தள்ளி விடலாம். தரையில் நேராக படுக்காமல் பையை கீழே போட்டு அதன் மேல் உட்கார வேண்டும்.

உடுப்பிலும் விஷயம் இருக்கிறது. கடைகளில் மலையேற்ற உடை என்று விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர், நைலான். வியர்வை சீக்கிரம் காயும், உண்மைதான். அனல் பட்டால் அது உருகி தோலில் ஒட்டும் என்பதும் உண்மை. கோடையில் காய்ந்த புல் காட்டு பக்கம் போகிறவர்களுக்கு கெட்டியான பருத்தி சட்டை, பேண்ட்தான் நல்லது.

தீயே வந்து விட்டால் மேலே ஓடக்கூடாது. வெறும் பாறை, ஓடை, ஏற்கனவே எரிந்து கருகி முடிந்த இடம், இந்த மூன்றில் ஒன்றுக்குள் போய் விட வேண்டும். எரிந்த இடத்தில் தீக்கு மறுபடி தீனி கிடையாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற பாதைகளை ஆன்லைன் முன்பதிவுடன் தொடங்கியது. மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீ காலம் என்று மலையேற்றம் நிறுத்தப்பட்டது. இது நல்ல ஏற்பாடு. கவலை தருவது இந்த கணக்கில் வராத கூட்டம்தான். வாட்ஸ்-அப்பில் ஆள் சேர்த்து, செக்போஸ்ட் பக்கமே தலைகாட்டாமல், விடிவதற்குள் எஸ்டேட் வழியாக ஏறி விடுகிறவர்களை யார் கணக்கெடுப்பது? அவர்கள் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் திரும்பி வராவிட்டால் எந்த பக்கம் தேடுவது என்பதும் யாருக்கும் தெரியாது.

எந்த மலை, எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு திரும்புவோம் என்று ஒரு துண்டு சீட்டில் எழுதி வீட்டில் ஒன்று, அடிவார டீக்கடையில் ஒன்று கொடுத்து விட்டு போக ஒரு பைசா செலவு கிடையாது. ஆன்லைன் கிட் எதிலும் அந்த சீட்டு வருவதில்லை.