மெய்யெழுத்தை விழுங்கும் எஞ்ஜின்

கும்பளங்கியில் போன மாதம் எனக்கும் ஒரு படகுக்காரருக்கும் நூறு ரூபாய் தகராறு. கொச்சிக்குத் தெற்கே, காயலுக்கு நடுவில் இருக்கும் கிராமம் அது. சீன வலைகளும் இறால் கெட்டுகளும் பார்க்க வருகிறவர்களுக்காக வீடுகளிலேயே தங்க இடம் கொடுக்கிறார்கள். நான் தங்கிய வீட்டுச் சேட்டன்தான் படகோட்டி. டீசல் எஞ்ஜின் பூட்டிய வள்ளம். எஞ்ஜினைக் கிளப்பிவிட்டுத்தான் வாடகை சொன்னார். தலையாட்டிவிட்டு ஏறினேன்.

இரண்டு மணி நேரம் சுற்றித் திரும்பியதும் 600 ரூபாயைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எழுநூறு அல்லே பறஞ்ஞது?" நான் கேட்டது அறுநூறு. தமிழிலும் மலையாளத்திலும் அறுநூறு அறுநூறுதான், எழுநூறு எழுநூறுதான். மொழி எங்களைக் கவிழ்க்கவில்லை. எஞ்ஜின் முதல் பாதியைத் தின்றுவிட்டு, 'நூறு' என்பதை மட்டும் என் காதில் போட்டிருக்கிறது. மீதியை என் பர்ஸுக்கு வசதியாக நானே நிரப்பிக்கொண்டேன்.

நூறு ரூபாயைக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று போயிற்று. அந்த ஊரில் இது காக்காய் பறப்பது போல. வில்லிங்டன் தீவில் ஐ.என்.எஸ். கருடா என்ற கடற்படை விமானத் தளம் 1953-லிருந்து இருக்கிறது. நெடும்பாசேரி விமான நிலையம் 1999-ல் வரும்வரை கொச்சிக்கு வந்த பயணி விமானங்களும் அங்கேதான் இறங்கின. ஹெலிகாப்டர் கடந்து போகும்வரை சேட்டன், சேச்சி, நான் மூவரும் வாயைத் திறந்தபடி வாக்கியத்தை அந்தரத்தில் நிறுத்திவைத்துக் காத்திருந்தோம். கீழே இருக்கும் நமக்கு அரை நிமிஷம்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? அவர்களுக்குள் அறுநூறு எழுநூறானால் என்ன ஆகும்?

ஆகியிருக்கிறது. 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு சரக்கு விமானம், போயிங் 747. அன்று கோலாலம்பூருக்கு விமான நிலையம் சுபாங்கில். காலை நேரம், மேகமூட்டம். 2,400 அடிக்கு இறங்கும்படி தரைக்கட்டுப்பாட்டாளர் ஆங்கிலத்தில் சொன்னார்: 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ'. ஆங்கிலத்தில் இரண்டும் 'டூ', வேற்றுமை உருபான 'கு'-வும் கிட்டத்தட்ட 'டூ'. விமானிகள் அதை 'நானூறுக்கு' என்று எடுத்துக்கொண்டார்கள். 'சரி, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று திருப்பியும் சொன்னார்கள். தப்பாகத் திருப்பிச் சொன்னதைத் தரையில் இருந்தவர் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியும் யாரும் மேலே ஏற்றவில்லை. பூச்சோங் பக்கம் ஒரு குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

அங்கே எஞ்ஜின் சத்தம்தான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். பெரிய ஜெட் விமானத்தின் காக்பிட் அவ்வளவு மோசமில்லை. 75-லிருந்து 85 டெசிபல், சுமாராக ஒரு பரபரப்பான ஓட்டல் மாதிரி. ஒற்றை எஞ்ஜின் சிறு விமானங்களில் 90-ஐத் தொடும், தாண்டும். ஹெலிகாப்டரில் தலைக்கு மேலேயே கியர்பாக்ஸும் விசிறியும் சுற்றுவதால் 100 டெசிபல் சாதாரணம். ஆனால் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு சொல் எத்தனை சல்லடைகளில் விழுந்து எழ வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டல் அளவு சத்தமே போதும் என்று தோன்றுகிறது.

முதல் சல்லடை எஞ்ஜின். அதன் உறுமல் கனத்த, தாழ்ந்த சுருதி. தாழ்ந்த சுருதிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் மூடிவிடும். நம் பேச்சில் பலம் முழுவதும் உயிரெழுத்தில் இருக்கிறது. ஆ, ஊ என்று கத்தினால் அக்கரைக்கே கேட்கும். அர்த்தம் இருப்பதோ மெய்யெழுத்தில். அதிலும் க, ச, த, ப. இலக்கணக்காரர்கள் இவற்றை வல்லினம் என்றார்கள். நாக்குக்கும் உதட்டுக்கும் வேண்டுமானால் வல்லினம். சத்தத்தில் முதலில் செத்துப்போவது இவைதான். 'பாடு', 'காடு', 'சாடு' எல்லாம் எஞ்ஜின் பக்கத்தில் 'ஆடு' ஆகிவிடும்.

இரண்டாவது, ரேடியோ. விமானங்கள் பேசும் ரேடியோ சுமார் 300-லிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் குரலை அனுப்புகிறது. 'ஸ' போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கும் மேலே. அது கிளம்பும்போதே காலி. போதாததற்கு, ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே சமயம் பேசினால் இருவர் பேச்சும் போய் ஒரு கிறீச்சிடல்தான் மிஞ்சும். 1977-ல் டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்ததற்கு முன், முக்கியமான இரண்டு வாக்கியங்கள் அப்படிக் கிறீச்சிட்டுத்தான் கெட்டன.

மூன்றாவது சல்லடை விமானியின் சொந்தக் காது. இதுதான் எனக்குக் கவலையான இடம். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. சத்தத்தால் கெடும் காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் ஓட்டை விழும், அதாவது மெய்யெழுத்துகள் குடியிருக்கும் தெருவில். வலி கிடையாது. 'நன்றாகக் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை' என்பார்கள். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் எல்லை. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். நம் தொழிற்சாலை விதிகள் தாராள மனசுடன் எட்டு மணிக்கு 90 வரை அனுமதிக்கின்றன.

விமானிகளுக்கு மருத்துவப் பரிசோதனையில் காதுக்கும் மார்க் உண்டு. 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸில் இழப்பு 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 3,000-ல் 50 வரை விடுவார்கள். அதற்கும் கீழே போனாலும், காக்பிட் இரைச்சலை ஒலிக்கவிட்டு அதற்கு நடுவே பேச்சு புரிகிறதா என்று பார்த்துத் தேற்றிவிட சர்வதேச விதியில் இடம் உண்டு. இது நியாயமான சோதனை என்பேன். அமைதியான அறையில் 'பீப்' சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதைவிட இதுதான் அவர் தொழிலுக்கு நெருக்கம்.

பழைய காலத்தில் என்ன செய்தார்கள்? திறந்த காக்பிட்டில், காற்றும் எஞ்ஜினும் போட்டி போடும்போது, ஆசிரியரும் மாணவரும் ரப்பர் குழாய் வழியாகப் பேசினார்கள். ஒரு முனையில் வாய், மறு முனையில் காது. முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் காஸ்போர்ட் பயிற்சிப் பள்ளியில் பிறந்ததால் காஸ்போர்ட் குழாய். நம் ஃபிளையிங் கிளப்களில் ஒரு தலைமுறையே கற்றுக்கொண்ட டைகர் மாத் விமானத்திலும் இதே குழாய்தான். வசவுகளை மட்டும் தெளிவாகக் கடத்தும் கருவி என்று அந்நாளைய மாணவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

பிறகு காதை மூடும் ஹெட்செட் வந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. காதை அடைத்தால் பேச்சு நன்றாகப் புரியும். கேட்டால் நம்பமாட்டீர்கள், எஞ்ஜின் அறையில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். பலத்த சத்தத்தில் காது திணறிப்போகிறது. அடைத்தால் சத்தமும் குறையும், பேச்சும் அதே அளவு குறையும், திணறல் மட்டும் போய்விடும். ஆனால் காதை அடைத்தவருக்குத் தன் குரல் மண்டைக்குள் பெரிதாக ஒலிப்பதால் அவர் மெல்லப் பேச ஆரம்பிப்பார். அடுத்தவருக்குக் கேட்காது. அதனால்தான் மைக் உதட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறார்கள். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே பறக்கும்போது உதட்டோர மைக் அல்லது தொண்டை மைக்கில்தான் பேச வேண்டும் என்பது சர்வதேச விதி. கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விமானத்தை இறக்குவது, ஒரு கையால் கார் ஓட்டிக்கொண்டு போன் பேசுவதற்குச் சமம்.

காதை மூடுவதில் ஒரு குறை. ரப்பரும் பஞ்சும் உயர்ந்த சுருதியை நன்றாகத் தடுக்கும், எஞ்ஜினின் அடிக்கனத்தை அவ்வளவாகத் தடுக்காது. அந்தக் கனத்தை முறித்தவர் ஒரு வங்காளியின் மகன். நானி கோபால் போஸ் சுதந்திரப் போராட்டத்தில் பிரிட்டிஷாருக்குத் தப்பி அமெரிக்கா போனவர். அவருடைய மகன் அமர் போஸ், எம்.ஐ.டி. பேராசிரியர். 1978-ல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில் ஹெட்போனை மாட்டிப் பார்த்து, இரைச்சலில் ஒன்றும் ரசிக்கவில்லை என்று எரிச்சலாகி, அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். காதுக் கிண்ணத்துக்குள் ஒரு குட்டி மைக். அது உள்ளே வரும் உறுமலைக் கேட்டு, அதே உறுமலைத் தலைகீழாக ஒலிக்கவிடும். இரண்டும் மோதி ரத்தாகும். தாழ்ந்த சுருதியில்தான் இது பிரமாதமாக வேலை செய்கிறது, எங்கே தேவையோ அங்கேயே. எங்கும் நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் 1986-லேயே இதன் மாதிரிகளை மாட்டிக்கொண்டு போனார்கள். 1989-ல் விமானிகளுக்குக் கடைக்கு வந்தது. இதையும் கெடுக்க எளிய வழி, மூக்குக்கண்ணாடி. அதன் காம்பு காதுமெத்தைக்கு அடியில் ஒரு சந்து உண்டாக்கும், அந்தச் சந்தில் எஞ்ஜின் நுழையும். மெல்லிய காம்பு வாங்குங்கள் என்பதுதான் பறக்கிறவர்களுக்கு மலிவான யோசனை.

கருவி இவ்வளவுதான் செய்யும். மீதியைச் சொல்லே பார்த்துக்கொள்ள வேண்டும். விமானி ஆங்கிலத்தில் 'நைன்' கிடையாது, 'நைனர்'. 'ஃபைவ்' இல்லை, 'ஃபைஃப்'. நைனும் ஃபைவும் சத்தத்தில் இரட்டைப் பிள்ளைகள். நமக்கும் 'ஐம்பது', 'ஒன்பது' உண்டு. கோயம்பேட்டில் லாரி உறுமலுக்கு நடுவே விலை கேட்டவர்களுக்குத் தெரியும். டெனெரிஃபுக்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே பூட்டிவைத்தார்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எங்கும் அது வாயில் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. திருப்பிச் சொன்னதைச் சொன்னவர் காது கொடுத்துக் கேட்பது. சுபாங்கில் முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி நடக்கவில்லை.

நம் நாட்டிலேயே, 1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி ஜம்போவும் இறங்க வந்த கஜகஸ்தான் இல்யூஷினும் நேருக்கு நேர் மோதி 349 பேர் இறந்தார்கள். வளைகுடா வேலைக்குப் போனவர்கள் அதில் பலர். இல்யூஷினுக்கு 15,000 அடி, சவுதிக்கு 14,000 அடி என்று உத்தரவு. எதிரே வரும் விமானம் இத்தனை மைலில், இந்த உயரத்தில் என்று டெல்லி எச்சரித்தது. அதைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னவர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் அல்ல, தனியாக இருந்த ரேடியோ ஆபரேட்டர். அவருக்கென்று உயரமானி கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். சவுதிக்குரிய உயரத்துக்கே இல்யூஷின் இறங்கிவிட்டது. விசாரித்த நீதிபதி லஹோத்தி, அனுமதியின்றி இறங்கியதை முதல் காரணமாகவும், ஆங்கிலம் போதாமல் உத்தரவுகளைத் தப்பாகப் புரிந்துகொண்டதையும் ஒருங்கிணைப்பு இல்லாததையும் துணைக் காரணங்களாகவும் சொன்னார். அந்தக் காக்பிட்டில் ஹெட்செட் இருந்தது. காதிலிருந்து கைக்குப் போகும் வழியில்தான் சொல் தொலைந்தது. அதன் பிறகுதான் மோதல் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இந்திய வானில் பெரிய விமானங்கள் பறக்கக் கூடாது என்று ஆனது. சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்வு கட்டாயமாக 2008 வரை ஆயிற்று.

கும்பளங்கிச் சேட்டனுக்கு வருவோம். முப்பது வருஷமாக அந்த டீசல் எஞ்ஜினை முழங்காலுக்கு அருகே வைத்து ஓட்டுகிறார். சேச்சி கூப்பிட்டால் திரும்புகிறார், என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்கிறார். டி.வி.யின் சத்தம் காயலுக்கு அக்கரையில் கேட்கிறது. பையில் இருந்த நுரைக் காதடைப்பான் ஒரு ஜோடியைக் கொடுத்து, பஞ்சு வைத்துக்கொள்வதால் பயனில்லை, இதை உருட்டிச் செருகிக்கொள்ளுங்கள் என்றேன். எஞ்ஜின் சத்தம் கேட்டால்தானே அதன் கோளாறு தெரியும் என்று மறுத்தார். நியாயமாகத்தான் இருந்தது. பழைய விமானிகளும் ஹெட்செட்டுக்கு எதிராக இதையேதான் சொன்னார்களாம். அடைத்தாலும் கோளாறு கேட்கும், கரகரப்பு இன்னும் தெளிவாகவே தெரியும் என்று எவ்வளவோ சொன்னேன்.

மறுநாள் காலை எஞ்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே, "எழுநூறு" என்று ஏழு விரலைக் காட்டினார். "எழுநூறு" என்று நானும் ஏழு விரலைக் காட்டினேன். பிறகு சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அடைப்பானை எடுத்து, எஞ்ஜின் பக்கத்துக் காதில் மட்டும் ஒன்றைச் செருகிக்கொண்டு கயிற்றை இழுத்தார். இன்னொன்று சேச்சிக்காம். டி.வி. சத்தத்துக்கு.