சேவகர் என்றார், ஊழியர் என்றாரில்லை!

பனியன் நகரம் என்று பாரெங்கும் பேசப்படும் திருப்பூரைச் சுற்றி, பல்லடம், அவிநாசி, காங்கயம், ஊத்துக்குளி என விரிந்து கிடக்கும் சிற்றூர்களிலே, கிளை அஞ்சலகத்தின் கதவைத் திறந்து, கணக்கெழுதி, பையைத் தோளில் மாட்டித் தோட்டந்தோட்டமாக, சாளை சாளையாகச் செல்லும் மனிதரை நாமெல்லாம் தபால்காரர் என்றே அழைக்கிறோம். ஊர் அழைக்கிறது, துறை அழைக்கவில்லை! துறையின் ஏட்டிலே அவர் 'கிராமின் டாக் சேவக்'.

2001க்கு முன்பு அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது: ஈ.டி. ஏஜண்டு. இலாகாவுக்குப் புறம்பானவர் என்று பொருள். வீட்டு வேலையெல்லாம் செய். ஆனால் திண்ணையோடு நில் என்பது போன்ற பெயர் அது. அதை மாற்றினார்கள். ஊழியர் என்று மாற்றினார்களா? இல்லை, சேவகர் என்றார்கள். இந்த நாட்டில் 'சேவை' என்ற சொல் எதற்குப் பயன்பட்டு வந்தது என்பதை நாம் அறியாதவர்களா? உழைப்பை வாங்கிக் கொண்டு, கூலிக்குப் பதில் புண்ணியத்தைக் கணக்கில் எழுதிவைக்கும் தந்திரம் பழையது. இப்போது அதற்கு அரசாங்க முத்திரையும் கிடைத்துவிட்டது.

அவர் தற்செயலாக வந்து போகும் ஆள் அல்லர், அரசின் பதவியொன்றை வகிப்பவர் என்று 1977இல், ராஜம்மா வழக்கில், உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் விதிகளைப் புரட்டிப் பாருங்கள். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை என்கிறது ஒன்று. அரசு ஊழியருக்குச் சமம் என்று உரிமை கொண்டாடக் கூடாது என்கிறது மற்றொன்று. இன்னுமொன்று இருக்கிறது, அதைப் படித்தபோது நாம் திகைத்தோம். பிழைப்புக்கு வேறு வருமானம் உண்டென்று அவரே உறுதி கொடுக்க வேண்டுமாம்!

ஒன்றரை ஷிப்டு என்ற சொல்லைப் பேச்சு வழக்காக்கிய ஊர் இது. அந்த முறையில் ஆயிரம் குறை உண்டு. அதை நாம் கண்டித்தே வருகிறோம். எனினும், எந்தப் பனியன் கம்பெனிக்காரராவது ஒரு டெய்லரைப் பார்த்து, "உனக்கு வேறு பிழைப்பு இருந்தால்தான் இங்கே மெஷினில் உட்காரலாம்" என்று சொன்னதுண்டா? சொன்னால் சிரிப்பார்கள். டெல்லி சொல்கிறது, யாரும் சிரிக்கவில்லை.

2018இல் படி திருத்தப்பட்டபோது, உதவிக் கிளை அஞ்சல் அதிகாரிக்கு 4 மணி நேரமெனில் 10,000 ரூபாய், 5 மணி நேரமெனில் 12,000 எனத் தொடக்கம் வைத்தார்கள், அகவிலைப்படி தனி. அதே ஆண்டு செப்டம்பர் 1இல் அஞ்சலக வங்கி தொடங்கியது. கடிதத்தோடு வங்கியும் அவர் தோளில் ஏறிற்று. கடிகாரம் மட்டும் 5 மணியிலேயே நின்றுவிட்டது!

"கடிதமே அருகிவிட்டது, ஆள் எதற்கு?" என்பார் உளர். தந்தி 2013 ஜூலையோடு முடிந்தது, உண்மை. தொலைபேசித் துறையின் வாரிசான பி.எஸ்.என்.எல். 2020 ஜனவரி 31இல் ஒரே நாளில் 78,569 பேரை விருப்ப ஓய்வில் அனுப்பியதும் உண்மை. ஆனால் அஞ்சலில் வேலை குறையவில்லை, உருமாறியிருக்கிறது. முதியோர் உதவித்தொகையை எதிர்பார்த்து வாசலில் அமர்ந்திருக்கும் பாட்டியைக் கேளுங்கள், தபால்காரர் தேவையா என்று!

சரி, இந்தத் திண்ணையிலிருந்து உள்ளே போக வழியுண்டா? உண்டு, தேர்வு எழுதித் தபால்காரராகலாம். அந்த வழியின் இலட்சணத்தையும் பார்த்தோம். 2019 ஜூலை 14இல் நடந்த தேர்வில், முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்று கடைசி நேரத்தில் அறிவித்தார்கள். தமிழில் பத்தாம் வகுப்பு முடித்து, தமிழ் முகவரிகளையே ஆண்டுக்கணக்கில் படித்து வந்தவர் இந்தியில் கணக்குப் போட வேண்டுமாம்! மாநிலங்களவையில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் சேர்ந்தே முழங்கின. ஜூலை 16இல் அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் தேர்வை ரத்து செய்தார். வட்டார மொழிகளிலும் நடக்கும் என்றார். அதற்கு முன்பே, 2016 டிசம்பரில் நடந்த தேர்வின் முடிவு வந்தபோது, 25 மதிப்பெண் தமிழ்ப் பகுதியில் அரியானா மாநிலத்தவர் சிலர் இருபதுக்கு மேல் அள்ளியிருந்தனர். நம் வகுப்பிலே தமிழ் பயின்று வளர்ந்த பிள்ளைகள் பெறத் திணறும் மதிப்பெண் அது. தொல்காப்பியர் அரியானாவில் பள்ளி நடத்துகிறாரோ என்று எண்ணத் தோன்றிற்று!

இதைக் கேட்டால் வடவர் வெறுப்பு என்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் ஊர்க் கம்பெனிகளில் உழைப்பவர் நம் பகைவர் அல்லர். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி பரவியபோது, வதந்தியை மறுத்து அவர்களோடு நின்றது தமிழகம். ஆத்துத்தோட்டம் எது, மேட்டுச்சாளை எது என்று படித்தறிய முடியாதவர் கையில் பையைக் கொடுத்தால், அந்த ஒடிசாத் தொழிலாளிக்கு வரும் தபாலும்தான் தவறிப் போகும்.

திருப்பூர்க் குமரனுக்கு 2004இல் அஞ்சல் தலை வெளியிட்டார்கள், மகிழ்ந்தோம். அந்தத் தலையை ஒட்டிய உறையைச் சுமந்து வந்தவருக்கோ முழு ஊழியர் என்ற தகுதி இல்லை.

தேர்வு மொழிக்காக நாடாளுமன்றத்தில் எழுந்த குரல், 'வேறு வருமானம் காட்டு' என்னும் விதியை நீக்கவும், 8 மணி நேர வேலையும் ஓய்வூதியமும் உள்ள ஊழியராக அவரை ஏற்கவும் எழ வேண்டும். தோழர்களே, உங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஊர்த் தபால்காரரை அழையுங்கள். அந்த விதியை ஒலிபெருக்கியில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு அவர் பேசட்டும்.