லயத்துக்கு எழுதாத சட்டம்

"தோட்டத்துச் சனம் சொன்னால் கேட்காது" என்று கொரோனாக் காலத்தில் மாத்தளை டவுனில் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோதே தேயிலைத் தொழிலுக்கு விலக்கும் வந்தது. வீட்டில் இரு என்ற சட்டம், ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து லயங்களுக்கு வந்து சேரும்போது கொழுந்துக்குப் போ என்றாகிவிட்டது. போய்வந்தால் ஒரே காம்பரா, பல குடும்பங்களுக்கு ஒரே பீலி. ஒரு மீற்றர் இடைவெளியை அங்கே எங்கே அளப்பது? ஒக்டோபரில் முகக்கவசம் கட்டாயமாகி, மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்றார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததே 2021 மார்ச்சில்தான்! பி.சி.ஆருக்குத் தயங்கியவர்கள் மூக்கில் விடும் குச்சிக்குப் பயப்படவில்லை. 'பொசிட்டிவ்' என்றால் லயமே அடைபடும், பேர் விழாது (அன்றைய சம்பளம் இல்லை), கடைக்காரர் கடன் தரமாட்டார். முஸ்லிம்களுக்கு இன்னொரு பயம்: அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், 2021 பெப்ரவரி இறுதிவரை கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை எரித்தே தீருவேன் என்று அரசு நின்றது. சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியோ கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட நாட்டுமருந்துப் பாணியை நாடு பார்க்கக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று. விஞ்ஞானத்தை நம்பாதவர்களைத் தேடி மலையேறியிருக்கத் தேவையில்லை, அமைச்சுக்கே போயிருக்கலாம்.