மணிப்பூர் முகாம்கள்: குடிநீர் நிவாரணமா, உரிமையா?

மணிப்பூரில் 2023 மே 3-ஆம் தேதி மெய்தேய், குகி-ஸோ சமூகங்களிடையே வெடித்த மோதலால் சுமார் 60,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். பள்ளிகள், கல்லூரிகள், சமுதாயக் கூடங்கள் நிவாரண முகாம்களாக மாறின. பகல்நேர வகுப்புகளுக்காகக் கட்டப்பட்ட பள்ளியில் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கும்போது, நீருக்கும் கழிப்பறைக்கும் நெருக்கடி ஏற்படுவது இயல்பே.

பேரிடர், போர்க்காலப் பணிகளுக்கான ‘ஸ்பியர்’ சர்வதேசத் தர வரையறையின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் தேவை. நீண்டகால முகாம்களில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். ஊரகக் குடும்பங்களுக்கான ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கோ தலைக்கு 55 லிட்டர். ஆனால், அத்திட்டம் வீட்டுக் குழாய் இணைப்புகளையே கணக்கிடுகிறது. வீட்டை இழந்தவர் அந்தக் கணக்கில் எளிதில் இடம்பெறுவதில்லை.

மாசற்ற நீர் வாழ்வுரிமையின் அங்கம் என உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்குக் குடிநீர், சுகாதார வசதிகளை உறுதிசெய்ய வேண்டும் என 1998-ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. எனினும், அந்நெறிகள் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல. இந்தியாவில் இவர்களுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை.

நிவாரணம் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது. குறைந்தபட்ச அளவு சட்டத்தில் வரையறுக்கப்பட்டால்தான், முகாமில் வசிப்பவர் அதை உரிமையாகக் கேட்டுப் பெற முடியும்.