அயல்நாட்டு பிஸ்கட்: தடை நீங்கியது, விலை இறங்கியது எப்படி?

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் பெட்டியைத் திறந்தால், வட்டமான நீலத் தகர டப்பா ஒன்று எட்டிப் பார்க்கும். டென்மார்க் வெண்ணெய் பிஸ்கட்! பிஸ்கட் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். டப்பா மட்டும் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைக்கப் பல ஆண்டுகள் உதவும். அந்த ருசிக்கு ஏங்கியவர்கள் மும்பை கிராபோர்டு மார்க்கெட்டிலும் சென்னை பர்மா பஜாரிலும் தேடினார்கள். கிடைத்தாலும் விலை குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாது.

ஒரு பிஸ்கட்டுக்கு ஏன் இத்தனை தட்டுப்பாடு?

செலாவணிப் பஞ்சம்

நாட்டின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு குறைவாக இருந்த காலம் அது. இருக்கும் டாலரை எண்ணெய்க்கும் இயந்திரத்துக்கும் உரத்துக்கும் செலவிட வேண்டும், தின்பண்டத்துக்கு அல்ல என்பது அரசின் கொள்கை. அதில் நியாயமும் இருந்தது. 1991-ல் பொருளாதாரக் கொள்கை மாறிய பிறகும் நுகர்பொருள்கள் மீதான கட்டுப்பாடு நீடித்தது. 1997-ல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டது. 1999-ல் தீர்ப்பு இந்தியாவுக்குப் பாதகமாக வந்தது. எஞ்சியிருந்த 715 பொருள்கள் மீதான கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1 முதல் நீங்கியது.

கதவு திறந்தது. ஆனால் சுங்கவரி, கப்பல் கூலி, இறக்குமதியாளர் லாபம் எல்லாம் சேர்ந்து விலையை உயரத்திலேயே வைத்திருந்தன.

இங்கேயே தயாரிப்பு

விலையை இறக்கியது தீர்ப்பு அல்ல, தொழிற்சாலை. 1912-ல் நியூயார்க்கில் பிறந்த ஓரியோவை எடுத்துக்கொள்வோம். 2010-ல் காட்பரியை வாங்கிய கிராப்ட் நிறுவனம், 2011-ல் அதை இங்கேயே தயாரித்து, மூன்று பிஸ்கட் கொண்ட பாக்கெட்டை 5 ரூபாய்க்கு விற்றது. வெளிநாட்டுச் சரக்கு பெட்டிக்கடைச் சரக்காயிற்று. பெல்ஜியத்தின் பிஸ்காப் பிஸ்கட்டையும் இந்தியாவில் தயாரித்து விற்க 2024-ல் ஒப்பந்தமாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது.

இதனால் வேலை இங்கே கிடைக்கிறது; லாபத்தில் ஒரு பங்கு வெளியே போகிறது. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இன்றும் பல ரகங்கள் இறக்குமதியாகவே வருகின்றன. பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், விலாசம், உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிம எண், சைவ அல்லது அசைவக் குறி ஆகியவை இருப்பது சட்டப்படி அவசியம். இவை இல்லாத சரக்கு குறுக்கு வழியில் வந்ததாகவே இருக்கக்கூடும். கெட்டுப்போயிருந்தால் யாரிடம் கேட்பது? 5 ரூபாய் பாக்கெட்டிலும் எத்தனை கிராம் என்று பார்ப்பது நல்லது. விலை ஏறாமலே எடை இறங்குவது உண்டு.

ருசிக்கு ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் உழைத்துச் சம்பாதித்த பணம். பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்து வாங்குவோம்.