நாங்கள் விசாரிக்காத சாட்சிகள்

உணவை ஒதுக்கி உடலை வற்றவைக்கும் அனோரெக்சியா நோயில் வாடியவர்கள் எழுதும் வாழ்க்கைக் குறிப்புகளில் அம்மாவுக்குப் பெரும்பாலும் இரண்டே வேடங்கள். ஒன்று, மகளின் இடுப்பளவை வேவு பார்ப்பவள். மற்றொன்று, தட்டோடு விரட்டுபவள். அப்பா இருப்பதே தெரியாது. உடல்நலப் பக்கங்களில் எழுதும் நாங்கள் இவற்றைப் படித்தோம், உருகினோம், அப்படியே தீர்ப்பாகவும் எழுதினோம்.

இதில் எங்களுக்கு முன்னோடிகளும் உண்டு. நோய்க்குப் பெயர் சூட்டிய லண்டன் மருத்துவர் வில்லியம் கல், இவர்களைப் பார்த்துக்கொள்ள உறவினர்களைவிட மோசமான ஆள் கிடையாது என்ற பொருளில் 1874லேயே எழுதிவிட்டார். 1978இல் குடும்பச் சிகிச்சை நிபுணர் சால்வடோர் மினூச்சினின் குழு, இந்த நோய் வளரும் குடும்பத்துக்கு இலக்கணமே வகுத்தது. பாடகி கேரன் கார்ப்பென்டர் இந்த நோயின் பாதிப்பால் 1983இல் 32 வயதில் இறந்தார். கதை சொன்னவர்களுக்கு ஒரு வில்லி வேண்டியிருந்தது. தாய் ஆக்னஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

மின்னசோட்டா ஆய்வு எங்களுக்குத் தெரியாததல்ல. 1944–45இல் ஆன்செல் கீஸ், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள், உணவைத் தவிர வேறு நினைப்பின்றிச் சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள். அந்த ஆய்வகத்தில் அவர்களுடைய அம்மாக்கள் யாரும் இல்லை! பட்டினியில் எழுதப்படும் பெற்றோர் சித்திரத்தில் பட்டினியின் கையும் இருக்கும் என்று இதிலிருந்து எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்காக மகள் சொல்வதெல்லாம் பொய் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அதுவும் சோம்பல்தான். பதினோரு வயதில் கலோரியைக் குறைக்கக் கற்றுத் தந்ததே அம்மாதான் என்று நடிகை ஜெனட் மெக்கர்டி 2022இல் எழுதினார். அப்படிப்பட்ட வீடுகளும் உண்டு. ஆனால் எல்லா வீட்டுக்கும் அந்த ஒரே வீட்டின் கதையைப் பொருத்தியது எங்கள் பேனா.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான சிகிச்சை, பதின்வயதினருக்குச் சோறூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைத்தது. அதன் வழிவந்த இன்றைய முறை, யார் குற்றம் என்ற கேள்வியையே ஓரங்கட்டிவிடுகிறது. உணவுக் கோளாறு நிபுணர்களின் பன்னாட்டு அமைப்பு, குடும்பமே முதன்மைக் காரணம் என்ற வாதத்தை 2010இல் வெளிப்படையாக மறுத்தது. நாங்கள் அதை ஒரு துணுக்காகக்கூடப் போட்டதாக நினைவில்லை.

இந்தச் சிகிச்சையில் பெற்றோர் மாதக்கணக்கில் வேளைக்கு வேளை பிள்ளையின் எதிரே உட்காருகிறார்கள். வசவு விழும், சில நாள் தட்டே பறக்கும்; சாப்பிட்டு முடிக்கும்வரை எழக்கூடாது. பிள்ளையின் குறிப்பில் இவர்கள் சிறைக்காவலர்கள். அந்த வரியை நாங்கள் மேற்கோள் காட்டினோம். அந்த வேளைகள் உங்களுக்கு எப்படிக் கழிந்தன என்று அவர்களிடம் கேட்டு ஒரு பத்தியும் எழுதவில்லை.